கடவுள் இருக்கிறார் என்று ஒரே வாதத்தில் நிரூபிக்க முடியுமா? 900 வருடம் தாண்டியும் ஓயாத சண்டை

வணக்கம் நண்பர்களே. நீங்கள் ஒரு புத்தகம் எழுதுகிறீர்கள். வாழ்நாளில் கண்டுபிடித்த மிகப் பெரிய விஷயத்தை அதில் வைத்திருக்கிறீர்கள். யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இது நிற்காது" என்று பக்கம் பக்கமாக மறுப்பு எழுதுகிறார். அது உங்கள் கைக்கே வருகிறது. என்ன செய்வீர்கள்?

பதினோராம் நூற்றாண்டில் ஒரு துறவி, அந்த மறுப்பையும் தன் புத்தகத்தோடு சேர்த்தே பிரதி எடுக்கச் சொன்னார். அவர் பெயர் அன்செல்ம்.

ஊர், பேர் எல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1033இல் இன்றைய இத்தாலியின் ஆவோஸ்டாவில் பிறந்தார். நார்மண்டியில் பெக் என்ற மடத்தில் துறவியானார், பிறகு இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயர், 1109இல் மரணம். போதும், கதைக்கு வருவோம்.

கடவுளைப் பற்றி நம்புவதையெல்லாம் தாங்கி நிற்கும் ஒரே ஒரு வாதம் வேண்டும் என்று அன்செல்ம் தேடினார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. இது சாத்தானின் சோதனையோ என்றுகூட பயந்து, அந்த யோசனையையே விரட்டப் பார்த்தார். விரட்ட விரட்ட அது திரும்பி வந்தது. ஒரு நாள் இரவு ஜெப வேளையில் விடை பளிச்சென்று கிடைத்தது. இதையெல்லாம் எழுதி வைத்தவர் அவருடைய சீடர் எட்மர்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அந்தக் காலத்தில் முதல் வரைவை மெழுகு பூசிய பலகையில் கீறி எழுதுவார்கள். அன்செல்ம் எழுதி, பத்திரமாக வைக்கச் சொல்லி ஒரு சகோதரரிடம் கொடுத்தார். சில நாள் கழித்துக் கேட்டால் பலகையைக் காணோம்! எடுத்தேன் என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி எழுதிக் கொடுத்தார். இந்த முறை அந்தச் சகோதரர் தன் படுக்கையின் உட்புறத்தில் ஒளித்து வைத்தார். மறுநாள் பார்த்தால் பலகை தரையில் கிடக்கிறது, மெழுகு துண்டு துண்டாகச் சிதறியிருக்கிறது. அன்செல்ம் துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டிப் பார்த்து, எழுத்தைச் சிரமப்பட்டு மீட்டார். இனி இது தாங்காது என்று தோலில் எழுதச் சொன்னார். 1077, 78 வாக்கில் வந்த அந்தப் புத்தகம்தான் புரோஸ்லோகியோன்.

சரி, வாதம் என்ன? ஓவியர் வரைவதற்கு முன்பே படம் அவர் மனதில் இருக்கிறது. வரைந்த பிறகு மனதிலும் இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது. இது அன்செல்மே சொன்ன உதாரணம். இப்போது கடவுள் என்றால் யார்? அவரைவிடப் பெரிய ஒன்றை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, அவ்வளவு பெரியவர். கடவுள் இல்லை என்பவருக்கும் இந்தச் சொற்கள் புரிகின்றன. ஆக, அவர் மனதிலும் அந்த எண்ணம் இருக்கிறது. அது மனதில் மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிஜத்திலும் இருப்பவராக அவரை நினைக்கலாமே, அது இன்னும் பெரியது ஆயிற்றே! இதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாது என்று சொல்லிவிட்டு, நினைத்துவிட்டோம். முட்டுகிறது. அதனால் அவர் நிஜத்திலும் இருந்தே ஆக வேண்டும்.

வீடியோவை நிறுத்திவிட்டு இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். எங்கேயோ இடிக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்ல வரவில்லை, இல்லையா?

ஆரம்பத்தில் சொன்னேனே, மறுப்பு எழுதியவர், அந்தக் கௌனிலோவுக்குச் சொல்ல வந்தது. அவர் மார்மூட்டியே மடத்துத் துறவி, அவரும் விசுவாசிதான். "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்ற சங்கீத வசனம் நமக்குத் தெரியும். அன்செல்ம் பதில் சொன்னது அந்த மதிகேடனுக்குத்தான். கௌனிலோ அந்த மதிகேடனின் பக்கம் நின்று எழுதினார். கடலில் எங்கோ தொலைந்துபோன ஒரு தீவு, எல்லாத் தீவுகளையும்விட வளமானது என்று ஒருவர் சொல்கிறார். எனக்குப் புரிகிறது, என் மனதில் இருக்கிறது. உடனே, "நிஜத்தில் இருந்தால்தானே சிறந்தது, அதனால் தீவு இருக்கிறது" என்றால் நம்புவேனா?

அன்செல்ம் கோபப்படவில்லை, நன்றி சொன்னார். தன் வாதம் தீவுக்கெல்லாம் பொருந்தாது, எதைவிடப் பெரியதை நினைக்க முடியாதோ அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் என்று பதில் எழுதினார். வேறு எதற்காவது இது பொருந்தும் என்று காட்டினால், தொலைந்த தீவைக் கண்டுபிடித்து, இனி தொலையாதபடி கையில் கொடுக்கிறேன் என்றும் எழுதினார். எவ்வளவு அழகான பதில்!

சண்டை அதோடு முடியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த வாதத்தை ஏற்கவில்லை. 1781இல் ஜெர்மன் தத்துவஞானி காண்ட், நிஜமான நூறு தாலர் (அந்தக் கால ஜெர்மன் வெள்ளிக் காசு) காசில் கற்பனையான நூறு தாலரைவிட ஒரு காசுகூட அதிகம் கிடையாது, இருப்பது என்பது ஒரு குணமே அல்ல என்றார். 1894இல், பின்னாளில் பெரிய தத்துவஞானியான பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், மாணவராக கேம்பிரிட்ஜ் தெருவில் புகையிலை டப்பாவோடு வரும்போது, இந்த வாதம் சரிதான் என்று தோன்றி டப்பாவை மேலே தூக்கிப் போட்டார். பிறகு அவரே அதைக் கைவிட்டார்.

என் கருத்தைச் சொல்கிறேன். நானும் விசுவாசிதான். காண்ட் சொன்னதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இந்த வாதத்தைக் கேட்டு யாரும் முழங்கால் போடுவார்கள் என்றும் நினைக்கவில்லை. ஆனால் சின்ன வயதில் சண்டே ஸ்கூலில் நான் கேள்வி கேட்டபோது, "கேட்காதே, விசுவாசி" என்று உட்கார வைத்தார்கள். அன்செல்ம் தன் புத்தகத்துக்கு முதலில் வைத்த பெயர் "விளக்கம் தேடும் விசுவாசம்". விசுவாசிப்பதால்தான் தேடுகிறேன் என்றார் அவர். அந்தப் பையனுக்கு அன்றைக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

தீவு வாதம் உங்களுக்குச் சரியாகப் படுகிறதா, அன்செல்மின் பதிலா? கமெண்டில் காரணத்தோடு எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். புரோஸ்லோகியோன் கையில் கிடைத்தால் கௌனிலோ எழுதியதையும் விடாமல் படியுங்கள். அன்செல்ம் கேட்டுக்கொண்டபடி, அது புத்தகத்தின் கடைசியில் இருக்கும்.