பைக் மீட்டர்ல காட்டுற பெட்ரோல் கோடுகளை நம்பி பங்க்ல சண்டை போடாதீங்க

வணக்கம் மக்களே. தர்மபுரி நாலு ரோடு பக்கம் நிக்கிறேன், லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஒரு அசிங்கம் நடந்துச்சு. ஒரு பங்க்ல 300 ரூபாய்க்கு போட்டேன். கிட்டத்தட்ட 3 லிட்டர். மீட்டர்ல ஒரு கோடுகூட ஏறல. நேரா போய் கத்திட்டேன். அங்க இருந்த பெரியவர் பதில் பேசல, முத்திரை குத்துன 5 லிட்டர் அளவு கேனை எடுத்துட்டு வந்து என் கண்ணு முன்னாடியே புடிச்சார். கரெக்டா கோட்டுல நின்னுச்சு. 5 லிட்டருக்கு 25 மில்லி முன்ன பின்ன இருக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, அதுகூட குறையல. "வண்டியை நிமுத்தி பாருங்க தம்பி"ன்னார்.

இப்ப நீங்களும் பாருங்க. சைடு ஸ்டாண்ட்ல ரெண்டு கோடு. நிமுத்துறேன்... கொஞ்சம் இருங்க, உடனே மாறாது. ரோட்டுல குலுங்குறப்ப கோடு ஆடக்கூடாதுன்னு மெதுவா மாறுற மாதிரிதான் வெச்சிருக்காங்க. ஆங், மூணு!

டேங்குக்குள்ள ஒரு கம்பி, அது முனையில மிதக்குற மாதிரி ஒரு கட்டை, அவ்வளவுதான் சமாச்சாரம். பெட்ரோல் எங்க ஒதுங்குதோ அதுக்கு ஏத்த மாதிரி கட்டை ஏறும், இறங்கும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்துல எனக்கு ஒரு கோடு காணாமப் போய், காட்டுக்குள்ள வேர்த்துடுச்சு. கீழ சமதரைக்கு வந்ததும் திரும்ப வந்துடுச்சு.

இன்னொன்னு, டேங்க் சதுர டப்பா கிடையாது. ஃப்ரேம் மேல உக்கார அடியில குடைஞ்சிருக்கும், குதிரைச் சேணம் மாதிரி. அதனால ஒரு கோடுன்னா இவ்வளவு லிட்டர்னு சமமா பிரியாது.

இன்னைக்கு காலையில கடைசி கோடு மின்னுறப்ப சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஒவ்வொரு லிட்டரா போடச் சொன்னேன். பங்க் பையன் முறைச்சான், பின்னாடி ரெண்டு பேர் ஹார்ன் வேற. முதல் லிட்டர், ஒன்னும் அசையல. ரெண்டாவதுக்கு ஒரு கோடு. எட்டாவது லிட்டர்லயே ஆறு கோடும் நிறைஞ்சிடுச்சு. ஆனா அதுக்கு மேல இன்னும் 2.4 லிட்டர் புடிச்சுது! கட்டை மேல முட்டிடுச்சுன்னா அப்புறம் எவ்வளவு ஊத்துனாலும் அதுக்குத் தெரியாது. ஃபுல் போட்ட புதுசுல 'மைலேஜ் சும்மா அள்ளுது'ன்னு தோணுறதும் இதனாலதான்.

அதுக்காக கழுத்து வரைக்கும் ஊத்தாதீங்க. பூமிக்கடியில குளுகுளுன்னு இருந்த பெட்ரோல், நம்ம ஊரு சித்திரை வெயில்ல 20 டிகிரி சூடானா 12 லிட்டருக்கு கால் லிட்டர் கிட்ட விரியும். மின்னுற வரைக்கும் இழுக்குறதும் வேணாம். பெட்ரோலை பம்ப் வெச்சு இன்ஜினுக்கு பீச்சுற இன்ஜெக்ஷன் வண்டியில அந்த பம்ப்பே டேங்குக்குள்ளதான் இருக்கு, அதை குளிர வெக்கிறதே பெட்ரோல்தான்.

மைலேஜ் பாக்கணும்னா ஒரே பங்க், ஒரே ஸ்டாண்ட், ஒரே மட்டம். ட்ரிப் மீட்டரை சைபர் பண்ணிட்டு ஓட்டுங்க, அடுத்த தடவை ஊத்துன லிட்டரால வகுத்துக்கோங்க.

நான் காலையில ஃபுல் பண்ணிட்டு கிருஷ்ணகிரி போயிட்டு இப்பதான் திரும்பி வந்தேன். ட்ரிப் மீட்டர்ல 94 கிலோமீட்டர். நிமுத்திட்டு பாத்தா... மறுபடியும் ஆறு கோடு இருக்கணுமே, மூணு எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குறீங்களா? முன்னாடி காட்டுனது அண்ணன் வண்டிங்க. என்னோடது இதோ, இந்தப் பக்கம் நிக்குது. ஆறு கோடும் அப்படியே இருக்கு பாருங்க, தண்ணியிலயே ஓடுன மாதிரி.