புரதக் கூட்டு குலையாமல் செல்லை உடைத்தல்

நேயர்களுக்கு வணக்கம். செல்லுக்குள் இருக்கும் புரதத்தை ஆராய வேண்டுமானால், முதலில் செல்லின் சவ்வைக் கரைத்தாக வேண்டும். அதற்கான லைசிஸ் பஃபரில், அதாவது செல்லை உடைக்கும் கரைசலில், சோப்புப்போல் கொழுப்பைக் கரைக்கும் எந்த டிடர்ஜென்டைச் சேர்க்கிறோம் என்பதில்தான் சோதனையின் தலையெழுத்தே இருக்கிறது.

எஸ்.டி.எஸ். என்னும் வலிய டிடர்ஜென்ட் சவ்வைக் கரைப்பதோடு நில்லாமல் புரதத்தின் மடிப்பையும் அவிழ்த்துவிடும். மின்சாரம் செலுத்தி ஜெல்லில் ஓட்டி, புரதத்தின் பருமனைப் பார்க்க அது போதும். ஒரு புரதத்தோடு வேறு எது இணைந்திருக்கிறது என்று அறிய உதவாது. ஆகவேதான் மின்னேற்றமில்லாத டிரைட்டான் எக்ஸ்-100, என்பி-40 ஆகியவற்றை மென்மையானவை என நம்பி, 1 சதவீத அளவில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது.

அந்த வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது என்பதற்கு எம்டார் என்னும் கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) நல்ல சான்று. செல்லின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் இந்தக் கைனேஸோடு ராப்டர் என்ற புரதம் இணைந்திருப்பது 2002-இல்தான் வெளியாயிற்று. டிரைட்டானோ என்பி-40-ஓ கலந்த பஃபரில் இவ்விரண்டும் பிரிந்துவிடுகின்றன, சாப்ஸ் என்னும் வேறொரு டிடர்ஜென்ட் 0.3 சதவீதம் கலந்த பஃபரில் பிரியாமல் நிற்கின்றன. மென்மை என்பது புட்டியின் லேபிளில் இருப்பதன்று, நாம் காக்க விரும்பும் பிணைப்பைப் பொறுத்தது என்றே நான் கருதுகிறேன்.

டிஜிடோனின் என்னும் டிடர்ஜென்ட் இன்னும் நுட்பமானது. கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையதாதலால், குறைந்த அளவில் இட்டால், கொலஸ்ட்ரால் மிகுந்த வெளிச்சவ்வில் துளையிட்டு, அது குறைவாக உள்ள மைட்டோகாண்ட்ரியாவைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். தாவரத்திலிருந்து எடுக்கப்படுவதால் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி அதன் தன்மை வேறுபடும். புதுப் புட்டி திறக்கும்போதெல்லாம் அளவைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

பிறகு டிடர்ஜென்டை நீக்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். டிரைட்டான் ஏறத்தாழ 0.02 சதவீதத்திலேயே பெரிய மைசெல்களாக, அதாவது மூலக்கூறு உருண்டைகளாக, திரண்டுவிடுவதால் டயாலிசிஸில் (நுண்துளைச் சவ்வின் வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும் முறையில்) எளிதில் வெளியேறாது. ஆக்டைல் குளுக்கோசைடு என்னும் டிடர்ஜென்ட் வெளியேறிவிடும். டிரைட்டான் 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவதால், அந்த அலைநீளத்தில் புரத அளவைக் கணித்தால் கணக்குத் தப்பும்.

டிரைட்டான் தேன்போல் குழைவானது. பிப்பெட் முனையை வெட்டி அகலமாக்கி, மெல்ல இழுத்து, வெளிப்புறத்தில் ஒட்டியதைத் துடைத்த பின்னரே விட வேண்டும். முதலில் 10 சதவீதக் கரைசலாக்கி வைத்துக்கொண்டால் அளவு பிசகாது. புதிய புரதத்தைத் தொடங்கும் மாணவர்கள், ஒரே செல்களை இரண்டு மூன்று டிடர்ஜென்டுகளில் பனிக்கட்டியின் மேல் வைத்து உடைத்து, மேல்நீரை மட்டுமன்றி அடியில் படிந்த வண்டலையும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தேடும் புரதம் வண்டலிலேயே தங்கியிருந்தால், அந்த டிடர்ஜென்ட் அதைக் கரைக்கவில்லை என்று பொருள்.