வான் டைக்: தாடி, மருத்துவம், டெட்ராய்ட் பியானோ

[திரையில்: லிவர்பூல் ஜெர்சியின் முதுகுப்புறம்]

ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு வான் டைக் என்றதும் லிவர்பூலின் வர்ஜில் ஞாபகத்துக்கு வருவார். நெதர்லாந்தில் இது ரொம்பச் சாதாரணமான குடும்பப்பெயர். நீரைத் தடுக்கும் கரையோரம் குடியிருந்தவர்களுக்கு வந்தது. அந்தச் சாதாரணப் பெயர் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியம்தான்.

[திரையில்: மூன்று கோணங்களில் முதலாம் சார்லஸ்]

முதலில் ஓவியர். ஆன்டனி வான் டைக், 1599இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். இன்றைக்கு அது பெல்ஜியம், ஆனாலும் டச்சு பேசும் ஊர். 1632இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் அரசவை ஓவியரானார். திரையில் ஒரே மன்னர் மூன்று முறை தெரிகிறாரே, அது அலங்காரத்துக்காக இல்லை. ரோமில் இருந்த சிற்பி பெர்னினி, மன்னரை நேரில் பார்க்காமலே பளிங்கில் மார்பளவுச் சிலை செய்ய வேண்டும். அதற்காக வரைந்து அனுப்பியது. சிலை வந்து சேர்ந்தது, 1698 வைட்ஹால் தீயில் போயும் விட்டது. ஓவியம் மட்டும் தப்பித்தது.

முறுக்கிய மீசை, கீழே கூர்மையான குறுந்தாடி: அதற்கு ஆங்கிலத்தில் வான் டைக் தாடி என்றே பெயர். பழுப்பு நிலக்கரி மண்ணிலிருந்து எடுக்கும் ஒரு பழுப்பு நிறம், விளிம்பில் பல் பல்லாக வெட்டிய துணி, இவையும் அவர் பெயரில்தான்.

[திரையில்: பெய்ரூட், பழைய புகைப்படம்]

எனக்குப் பிடித்தவர் அடுத்தவர்தான். கொர்னீலியஸ் வான் டைக், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக்கில், டச்சுக்காரர்கள் குடியேறிய ஊரில், 1818இல் பிறந்தார். மருத்துவம் படித்துவிட்டு 1840இல் மிஷனரியாக பெய்ரூட் போனார். அரபியை அப்படிக் கரைத்துக் குடித்தார் என்றால், எலி ஸ்மித் தொடங்கிவிட்டுப் போன அரபி பைபிள் மொழிபெயர்ப்பை முடித்தவரே இவர்தான். 1865இல் முழுசாக வந்த அந்தப் பைபிள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பிறகு சிரியன் புராட்டஸ்டன்ட் கல்லூரியில் மருத்துவம் கற்பித்தார், அதுவும் அரபியிலேயே. பாடநூல்களையும் தானே எழுதினார். இவரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சங்கம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய டாக்டர் சாமுவேல் கிறீனும் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். இரண்டு பேருமே 1840களில் வந்து இறங்கியவர்கள்.

1882இல் கல்லூரி விழாவில் எட்வின் லூயிஸ் என்ற வேதியியல் பேராசிரியர் டார்வினைப் பாராட்டிப் பேசிவிட்டார். நிர்வாகம் அவரைப் போகச் சொன்னது. அதை எதிர்த்து, அறுபது வயது தாண்டிய வான் டைக்கும் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார். மிஷனரி ஒருவர் டார்வினைப் பேசியவருக்காக வேலையை விட்டது சும்மா கடந்துபோகிற விஷயமில்லை. அந்தக் கல்லூரிதான் இன்றைய பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம்.

[திரையில்: டர்ன்டேபிள், பிறகு பியானோ]

இசைக்கு வருவோம். டிரான்ஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசையின் டிஜே பால் வான் டைக் டச்சுக்காரரே இல்லை. கிழக்கு ஜெர்மனியில் மத்தியாஸ் பவுலாகப் பிறந்து, மேடைக்காக இந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்.

இன்னொருவர் டெட்ராய்ட்டின் ஏர்ல் வான் டைக். கறுப்பின அமெரிக்கர், பியானோவும் ஆர்கனும் வாசிப்பார். மோட்டவுன் என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டுடியோ இசைக்குழுவான ஃபங்க் பிரதர்ஸுக்கு அவர்தான் தலைவர். 1960களில் டெம்ப்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ், மார்வின் கே என்று உலகமே கேட்ட பாட்டுகளுக்குப் பின்னால் இருந்தது இந்தக் குழு. ஆனால் ரெக்கார்டு உறையில் வாசித்தவர்கள் பெயரைப் போடும் வழக்கம் மோட்டவுனில் கிடையாது. மார்வின் கேயின் ஆல்பம் ஒன்றில் அவர்கள் பெயர் அச்சானது 1971இல்தான். அடுத்த வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிவிட்டது.