மூச்சு முட்டுது, ஆனால் சுகமாயிருக்கிறன்

வணக்கம். வருத்தங்களின் பெயர்களை நான் அடுக்கப் போவதில்லை, மூச்சு முட்டுகிற அந்த உணர்வைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். வன்னியில் வீடுவீடாகப் போகிற பிசியோதெரபிஸ்டான எனக்கு அதிகம் சொல்லப்படுகிற பொய், "எனக்கு ஒண்டுமில்லை" என்பதுதான்.

முள்ளியவளைப் பக்கம் ஓர் ஆச்சி. "மூச்சு வாங்குதோ ஆச்சி?" என்று கேட்டால், "இல்லைப் பிள்ளை, இப்ப சுகம்" என்பார். ஆனால் கிணற்றடியில் ஒரு கதிரை கிடக்கிறது, வாளி அரைவாசிதான் நிரம்புகிறது, கோயிலுக்கு நடப்பது நின்றுவிட்டது, தலை இழுத்துவிடுவது பேத்தி. கையை மேலே தூக்கினால் மூச்சுக்கு உதவுகிற தோள் தசைகள் வேறு வேலைக்குப் போய்விடும், அதனால் தலை சீவுவதுகூடக் களைக்கும். களைக்கிற வேலையை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டால் களைக்காதுதானே! அதனால் நான் இப்போது கேட்பது, "போன பொங்கலுக்குச் செய்த எந்த வேலையை இப்ப விட்டிட்டீங்கள்?" என்றுதான்.

சரி, ஏன் முட்டுகிறது? ஒட்சிசன் குறைவதால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மூச்சைத் தூண்டுவது இரத்தத்தில் சேர்கிற காபனீரொட்சைட்டு. அதோடு, இவ்வளவு காற்று வேண்டுமென்று மூளை கட்டளை போட, நெஞ்சு அவ்வளவுக்கு விரியாதபோது அந்த இடைவெளிதான் முட்டாகத் தெரிகிறது. ஆகவே விரலில் மாட்டுகிற கருவி ஒட்சிசன் 97 வீதம் என்று நல்ல அளவு காட்டும்போதும் ஒருவருக்கு மூச்சுத் திணறலாம், தயவுசெய்து "நடிக்கிறா" என்று சொல்லாதீர்கள். மறுபக்கமும் உண்டு: கொரோனாக் காலத்தில் சிலர் ஒட்சிசன் அளவு நன்றாக இறங்கியிருந்தும் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விடுகிற இளைஞர்களும் கவனிக்க வேண்டும், அப்படிச் செய்தால் காபனீரொட்சைட்டு குறைந்து, மேலே வரவேண்டுமென்ற அவசரம் தோன்றும் முன்பே தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடலாம்.

பயம் இதை இன்னும் கெடுக்கும். பயத்தில் மூச்சு வேகமாகும், முட்டு வருத்தம் உள்ளவருக்கு உள்ளே போன காற்று வெளியேறுவதற்குள் அடுத்தது வந்துவிடும், நெஞ்சு நிரம்பியே கிடக்கும், புதுக்காற்றுக்கு இடமில்லை. அதனால் இழுப்பதை விடுங்கள், வெளியே விடுவதைக் கவனியுங்கள். முன்னால் சாய்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி இருந்து, மூக்கால் எடுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, எடுத்த நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு பனையோலை விசிறியால் முகத்துக்கு வீசுங்கள். நம்ப மாட்டீர்கள், ஒட்சிசன் அளவு மாறாமலே முட்டு குறையும்: கன்னத்திலும் மூக்கிலும் படுகிற குளிர்காற்றை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. சுற்றி நின்று அழுகிற சொந்தக்காரரைக் கொஞ்சம் விலகச் சொன்னால் இன்னும் நல்லது.

நடக்காமல் இருந்தால் கால் தசை மெலிந்து, அதே தூரத்துக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். டொக்டரைக் கேட்டுவிட்டு, குளக்கட்டில் கொஞ்சம் களைக்கும்வரை நடந்து, நின்று, திரும்ப நடங்கள். நுரையீரல் பழையபடி ஆகாது, ஆனால் களைப்பின் மேலுள்ள பயம் குறைந்து, அதே தூரம் லேசாகிறது.

திடீரென்று முட்டினால், நெஞ்சு நொந்தால், உதடு நீலமானால், ஒரு வசனத்தை முடிக்க முடியாவிட்டால், விசிறியோடு இருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.