பயத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்கு ஊர் உத்தமபாளையம் பக்கம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் காலையில் வானொலி பாடும்போது யார் வேண்டுமானாலும் பேசலாம். அணைகளின் நீர்மட்டம் வாசிக்கும்போது மட்டும் மூச்சுவிடக் கூடாது. பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி. எண் இறங்கியிருந்தால் அன்று அப்பா யாரோடும் சரியாகப் பேசமாட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைகிற 14,707 ஏக்கரில் எங்களுடையதும் கொஞ்சம் இருந்தது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்களா, தள்ளிப்போகுமா என்பதுதான் எங்கள் வீட்டுப் பயம்.

மலைக்கு அந்தப் பக்கம் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தரா என்று ஊர்கள் உண்டு. அந்தப் பெரியாறு, அதாவது கேரளத்துக்குள் இருக்கிற முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய ஊர்கள். அங்கேயும் இதே எண்ணைத்தான் கேட்பார்கள். எண் இறங்கினால் எங்களுக்குத் தூக்கம் போகும், ஏறினால் அவர்களுக்குப் போகும்.

மக்களின் பயத்தை வைத்துப் படம் எடுப்பது நியாயமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். ஹாலிவுட்டின் சுறா, பேய், பூகம்பம் என்று எங்கெங்கோ போய்ப் பேசலாம். எனக்கு வாசலிலேயே ஒரு படம் கிடக்கிறது. 2011 நவம்பர் 25 அன்று வெளியான 'டேம் 999'. கேரளத்தைச் சேர்ந்த சோஹன் ராய் இயக்கியது. அணை ஒன்று உடைந்து ஊரையே கொண்டுபோகிற கதை.

'இது முல்லைப்பெரியாறு அல்ல, 1975-இல் சீனாவில் உடைந்த பான்சியாவ் அணையின் கதையிலிருந்து பிறந்தது' என்று படக்குழுவினர் சொன்னார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் தலைப்பில் 999 எப்படி வந்தது? 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் முல்லைப்பெரியாறு அணைக்காக ஓர் ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய், குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். இந்த எண் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும், இடுக்கிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சீனாவில் யாருக்குத் தெரியும்?

எனக்கு இருக்கிற சண்டை இந்த இடத்தில்தான். படம் பயமுறுத்தலாம், அது தப்பே இல்லை. பாட்டி சொன்ன கதையும் பயமுறுத்தத்தான் செய்தது. ஆனால் பயத்தை நிஜ அணையிலிருந்து எடுத்துக்கொண்டு, பொறுப்பு என்று வரும்போது 'கற்பனையே' என்கிற அட்டைக்குப் பின்னால் போய் நிற்பது நாணயமில்லாத வேலை. வெள்ளைக்காரன்கூட குத்தகைக்கு ஏக்கருக்கு ஐந்து ரூபாய் கொடுத்தான். இவர்கள் ஒரு பள்ளத்தாக்கின் பயத்தையே ஒரு காசு தராமல் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பயம் ஒரே நாளில் வந்ததல்ல. பென்னிகுவிக் கட்டி 1895-இல் திறந்த அணை அது. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கல்லும் சேர்ந்த கட்டுமானம். 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்ததும் கேரளத்தில் கிலி பிடித்தது. 152 அடி தேக்க வேண்டிய அணையில் மட்டம் 136 அடிக்கு இறங்கியது. பிறகு மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே இரும்புக் கம்பி வடங்களை இறக்கி நங்கூரம், பின்புறம் கான்கிரீட் சுவர் என்று வருஷக்கணக்கில் பலப்படுத்தினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. கேரளம் உடனே சட்டத்தைத் திருத்தி அதைத் தடுத்தது. வழக்கு மறுபடி நடந்துகொண்டிருந்தது. அந்த 2011-இல் இடுக்கியில் சின்னச் சின்ன நில அதிர்வுகள் வேறு. மக்கள் ராத்திரி வீட்டுக்குள் படுக்கப் பயந்த நேரம் பார்த்து இந்தப் படம் வந்தது.

மேடைகளில் 30 லட்சம் பேர் சாவார்கள், 35 லட்சம் பேர் சாவார்கள் என்று ஏலம் விடுவதுபோல் எண் ஏறியது. அந்த டிசம்பரில் கேரள அரசின் தலைமை வழக்கறிஞரே உயர் நீதிமன்றத்தில், அணை உடைந்தாலும் அந்தத் தண்ணீரைக் கீழே உள்ள இடுக்கி அணை தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் சொன்னார். முல்லைப்பெரியாறு சுமார் 15 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) கொள்ளும், இடுக்கி சுமார் 70 டிஎம்சி. அவர் சொன்னதில் கணக்கு இருந்தது. ஆனாலும் அந்த மனிதரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்கள். திரையில் ஒரு தடவை தண்ணீர் ஊரை விழுங்கிக் காட்டிவிட்டால் அப்புறம் டிஎம்சி கணக்கு யார் காதில் ஏறும்?

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு அணைகளுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதலே இல்லை. இடுக்கி தாங்கும்தான், ஆனால் தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டிப்பெரியாறு என்ன ஆகும்? அவர்கள் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். படம் எடுத்தவர்களும் அவர்களைப் பார்க்கவில்லை என்பதுதான் என் கோபம். பிற்பாடு யாரோ கொடுத்த ஒரு குறுந்தகட்டில் அதைப் பார்த்தேன். காதல், ஜோதிடம், ஆயுர்வேதம் எல்லாம் முடிந்து கடைசியில் அணை உடைகிறது. கசிவுநீரை அளக்கிற ஆளாக ஒருவர்கூட என் மனதில் நிற்கவில்லை. எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஆய்வுக்குழு வந்துபோகும்போதெல்லாம், அணையின் சுரங்கப் பகுதியில் கசிவுநீர் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போடுவார்கள். அணைக்கு அதுதான் நாடித் துடிப்பு.

இதற்கு நேர்மாறாக ஒரு படம் உண்டு. 1979 மார்ச் 16-இல் அமெரிக்காவில் வெளியான 'தி சைனா சின்ட்ரோம்'. அணு உலையில் விபத்து நேரப் பார்க்கிறது என்பது கதை. மக்களை வீணாகக் கிலிப்படுத்துகிறார்கள் என்று அணுமின் நிறுவனங்கள் குதித்தன. பன்னிரண்டே நாளில், மார்ச் 28 அன்று, பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் உலையில் நிஜமாகவே விபத்து நடந்தது. இதைச் சொல்லிப் படத்தைத் தீர்க்கதரிசி என்பவர்கள் உண்டு. எனக்கு அது தற்செயல், அதற்கு மார்க் போடமாட்டேன். நான் மதிக்கிறது வேறு. உலையின் பற்றவைப்புகளைச் சோதித்த எக்ஸ்ரே படங்களில் மோசடி நடந்திருப்பதை அந்த நிலையத்தில் வேலை பார்க்கிற அதிகாரி ஒருவர் கண்டுபிடிப்பார். வெவ்வேறு இணைப்புகளுக்கு ஒரே படத்தை வைத்து ஏமாற்றியிருப்பார்கள். பார்க்கிறவன் பயந்துபோய் வெளியே வருகிறான், ஆனால் அவன் வாயில் ஒரு கேள்வி இருக்கிறது: எங்க ஊர் உலையின் எக்ஸ்ரே எங்கே? நம்ம படத்தைப் பார்த்தவனுக்கு அப்படிக் கேட்க எதுவும் இல்லை, திட்டுவதற்கு மலைக்கு இந்தப் பக்கம் ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொல்கிற நாக்கோடு நம்மையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும். அதே 2011 தீபாவளிக்கு '7ஆம் அறிவு' வந்தது. சீனாவிலிருந்து ஒருவன் வந்து நம் ஊரில் கொள்ளைநோயைப் பரப்புகிற கதை. நானும் தியேட்டரில் கைதட்டினேன். அடுத்த மாதம் 'டேம் 999' வந்ததும் 'ஐயோ, பயத்தைக் கிளப்புகிறார்களே' என்று கொதித்தேன். 2020-இல் கொரோனா வந்தபோது, அன்றைக்கே சொன்ன படம் என்று அதன் காட்சிகளை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டோம். அதே நாட்களில்தான் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை இந்தியத் தெருக்களில் 'கொரோனா' என்று கூப்பிட்டார்கள். படம்தான் கூப்பிட வைத்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் தட்டிய கை எனக்கு நினைவிருக்கிறது.

தடையைப் பற்றியும் கேட்பீர்கள். வெளியாவதற்கு முன்பே தமிழ்நாடு அரசு 'டேம் 999'-ஐத் தடை செய்தது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. 1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் உச்ச நீதிமன்றம், போராட்டம் வரும் என்று மிரட்டுவதற்காகப் படத்தை முடக்க முடியாது என்றது. 'டேம் 999' அதிகம் பேர் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நான் நினைக்கிற சுமாரான படம். தடை போட்டதும் பார்க்காதவன்கூட அதில் என்னவோ பயங்கரம் இருக்கிறது என்று நம்பினான். 2012-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு அணை பாதுகாப்பானது என்றது, 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதி செய்தது. பயம் மட்டும் இறங்கவில்லை. 2024-இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு அணை உடைகிற கிராபிக்ஸ் காட்சிகள் மறுபடி செல்போனில் சுற்றின.

படம் வந்த அந்த 2011-இல் என் சின்னம்மா ஒருவர் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விடியக்காலையில் தூக்குவாளியோடு கம்பமெட்டு ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு நெருக்கிக்கொண்டு ஏறுவார். 2011 டிசம்பரில் குமுளிப் பாதையில் கல்வீச்சு, மறியல், 144 தடை உத்தரவு. ஜீப் ஓடவில்லை. தோட்டத்தில் தங்கி வேலை பார்த்தவர்கள் பலர் ராத்திரியோடு ராத்திரியாக மலைப்பாதையில் இறங்கி வந்தார்கள். சின்னம்மாவுக்கு வாரக்கணக்கில் கூலி இல்லை. தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவைத்த திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, அந்தப் படத்த எடுத்தவுக எங்க இருக்காக?" துபாய்ப் பக்கம் தொழில் செய்கிறவர் என்றேன். "அப்ப அவுகளுக்கு ரெண்டு பக்கமும் சோலி இல்ல" என்றார்.

தை பிறந்த பிறகு ஜீப் ஓட ஆரம்பித்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தோட்டத்து வீட்டம்மா கட்டன்சாயா கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாராம், அணை உடைந்தால் உங்க ஊர்க்காரங்களுக்கு என்ன போச்சு என்று. சின்னம்மா சொன்னாராம்: "ஒடஞ்சா எங்க வயலுக்குத் தண்ணி யாரும்மா குடுப்பா?"

அந்தம்மா அப்படி யோசித்ததே இல்லையாம். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போனாராம். இவர்கள் காய் எடுக்கப் போய்விட்டார்கள்.

நன்றி, வணக்கம்.