பாறைக்காக வாதாடியவர்: சார்லஸ் லயலின் கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1827-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி. முப்பது வயது நிரம்பாத ஓர் இளம் வழக்கறிஞர் தம் நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். நண்பர் இங்கிலாந்தின் தெற்கே லூயிஸ் என்ற ஊரில் மருத்துவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, கல் குவாரிகளில் கிடைக்கும் எலும்புகளையும் பற்களையும் சேர்த்துக்கொண்டிருந்தவர். கிடியன் மாண்டெல் என்று பெயர். டைனோசார் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இகுவனோடானை உலகுக்குக் காட்டியவர் அவர்தான்.

கடிதத்தின் பேச்சு லமார்க்கைப் பற்றியது. உயிரினங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறி வந்தவை என்று சொன்ன பிரெஞ்சு அறிஞர் லமார்க். பயணத்தில் அவருடைய நூலை ஒரே மூச்சில் படித்தாராம் நம் வழக்கறிஞர். எந்த நாவலும் இந்த அளவு இன்பம் தந்ததில்லை என்கிறார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. தோற்க வேண்டிய கட்சிக்காக ஒரு கெட்டிக்கார வக்கீல் பேசுவதைக் கேட்பதுபோலத்தான் படித்தேன் என்கிறார். இந்த வாதத்தைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால் மனிதனே ஒராங் உட்டானிலிருந்து வந்தான் என்றல்லவா முடியும் என்று ஒரு சிரிப்பும் சிரித்துக்கொள்கிறார்.

இந்தக் கடிதத்தை ஓரமாக எடுத்து வையுங்கள். கடைசியில் நமக்கு இது வேண்டியிருக்கும்.

எழுதியவர் சார்லஸ் லயல். 1797-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று ஸ்காட்லாந்தில் கின்னார்டி என்ற இடத்தில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தந்தைக்கும் அதே பெயர். அவர் தாவரங்களைத் தேடி அலைந்தவர், தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஆக்ஸ்போர்டில் லயல் படிக்கப் போனது செவ்வியல் மொழிகள். அங்கே வில்லியம் பக்லண்ட் என்ற பேராசிரியரின் நிலவியல் சொற்பொழிவுகள் காதில் விழுந்தன. அதன் பிறகு சட்டம் படித்து 1822-இல் வழக்கறிஞரானார் என்றாலும், மனம் கல்லுக்குப் போய்விட்டது. கண்களும் ஒத்துழைக்கவில்லை. நீண்ட நேரம் படித்தால் வலிக்கும், வீங்கும். சட்டப் புத்தகங்களைவிட மலைச்சரிவு அவருடைய கண்களுக்கு நல்லதாக இருந்தது. ஆனால் வழக்காடும் புத்தி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அவர் பாறைக்காக வாதாடத் தொடங்கினார்.

வழக்கு இதுதான். மலைகளும் பள்ளத்தாக்குகளும் எப்படி உண்டாயின? அன்று பலரும் சொன்ன விடை, பேரழிவுகள். ஒரு பிரளயம், ஒரு மாபெரும் கொந்தளிப்பு, அத்தோடு ஒரு யுகம் முடிந்தது என்பார்கள். லயல் மறுத்தார். இன்றைக்கு நம் கண்முன் நடக்கும் மழை, ஆறு, அலை, எரிமலை, நில நடுக்கம் இவையே போதும். காலத்தை மட்டும் தாராளமாகக் கொடுங்கள் என்றார். மாணவர்களுக்கு இதை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஒரே வரியில் சொல்லிவிட்டால் சப்பென்று இருக்கும். அவர் நடந்த இடங்களில் நாமும் மனத்தால் நடந்தால்தான் அதன் துணிச்சல் புரியும்.

1828-இல் சக நிலவியலாளர் ராடெரிக் மர்ச்சிசனோடு பிரான்சின் எரிமலை நாடான ஓவெர்ன் பகுதிக்குப் போனார். மர்ச்சிசன் ஊர் திரும்பியபின் லயல் தனியாகத் தெற்கே, இத்தாலிக்கும் சிசிலிக்கும் இறங்கினார். அங்கே எட்னா. மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எரிமலை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பு வழிந்து வளர்ந்தது. அதன் அடிவாரக் களிமண்ணில் சிப்பிகளைப் பொறுக்கிப் பார்த்தார். பெரும்பாலும் இன்றும் மத்தியதரைக் கடலில் வாழும் இனங்களின் சிப்பிகள்! எட்னா முழுவதும் அந்தச் சிப்பிகளுக்குப் பிறகு எழுந்தது. மனிதக் கணக்கில் எல்லையற்ற பழமை, பூமியின் கணக்கில் நேற்று. பூமியின் வயது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்தது ஒரு கைப்பிடிச் சிப்பியிலிருந்து.

திரும்பும் வழியில், 1829 ஜனவரி 15 அன்று, நேப்பிள்சிலிருந்து மர்ச்சிசனுக்கு எழுதிய கடிதத்தில் புத்தகத்தின் திட்டம் முழுவதும் இருக்கிறது. ஆதிமுதல் இன்றுவரை பூமியில் வேலை செய்த காரணங்கள் இன்று வேலை செய்பவை மட்டுமே. அவற்றின் வேகமும் இன்றைய வேகம்தான். இரண்டாவது பாதி கொஞ்சம் அதிகப்படி. விண்கல் மோதல்களைப் பற்றியெல்லாம் அறிந்திருக்கும் இன்றைய நிலவியலாளர் எவரும் அதை அப்படியே ஏற்கமாட்டார். வக்கீல் அல்லவா, கட்சியை முழு வலுவோடு வைத்துவிட்டார்.

1830-இல் ‘நிலவியலின் கோட்பாடுகள்’ முதல் தொகுதி வந்தது. அதன் முகப்புப் படம் எரிமலை அல்ல, எலும்புக்கூடும் அல்ல. நேப்பிள்சுக்குப் பக்கத்தில் பொஸ்ஸுவோலி என்ற கடற்கரை ஊரில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்கள். செராபிஸ் கோயில் என்று அப்போது சொன்னார்கள். உண்மையில் அது ரோமானியர் கால அங்காடி. தரையிலிருந்து ஏறக்குறைய 12 அடி உயரம்வரை தூண்கள் வழுவழுப்பாக இருக்கின்றன. அதற்கு மேல் சுமார் 9 அடிக்குப் பளிங்கு முழுவதும் துளை. துளைத்தவை கல்லைக் குடையும் கடற்சிப்பிகள். அதற்கும் மேலே மறுபடி துளையில்லை.

யோசித்துப் பாருங்கள். கடற்சிப்பி 12 அடி உயரத்தில் ஏறி வந்து தூணைக் குடையாது. தூண் கடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்ததால் தப்பியது. நடுப்பகுதி தண்ணீருக்குள் நின்றது. உச்சி வெளியே இருந்தது. பிறகு நிலம் மீண்டும் எழுந்திருக்கிறது. இவ்வளவும் நடந்தது ரோமானியர்களுக்குப் பின்னால், இரண்டாயிரம் ஆண்டுக்குள். இந்தத் தூண்களோ விழவேயில்லை! பிரளயம் எதுவும் இல்லாமல் நிலம் தாழவும் உயரவும் முடியும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி எந்த நீதிமன்றத்திலும் ஏறியதில்லை.

இந்தியாவும் அந்தப் புத்தகத்தில் சாட்சி சொல்கிறது. 1819 ஜூனில் கட்ச் பகுதியைக் குலுக்கிய நில நடுக்கத்தில் சிந்த்ரீ கோட்டையைச் சுற்றிய நிலம் தாழ்ந்து நீருக்குள் போயிற்று. சற்று வடக்கே சமவெளியின் குறுக்கே நீண்ட மேடு ஒன்று எழுந்தது. மனிதன் கட்டாத அணை என்பதால் மக்கள் அதை ‘அல்லா பந்த்’, அல்லாவின் கரை, என்று அழைத்தார்கள். அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்ற அதிகாரி நேரில் கண்டு கொடுத்த விவரங்களை லயல் எடுத்துக்கொண்டார். பின்னாளில் கங்கை ஓராண்டில் சுமந்து செல்லும் வண்டலின் கணக்கையும் சேர்த்தார்: 636 கோடி கன அடிக்கும் மேல். காசிப்பூரில் எவரெஸ்ட் என்ற பாதிரியார் ஆற்றுநீரை மொண்டு அளந்து சொன்னது அது.

லயல் எல்லா இடத்துக்கும் போகவில்லை. போக முடியாத இடங்கள் கடிதமாக அவரிடம் வந்தன. 1840-இல் பென்னி தபால் வரும்வரை இங்கிலாந்தில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும். தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம். லயலின் நண்பர்கள் அவருடைய சந்தேகங்களைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

புத்தகத்தில் கம்பீரமாகப் பேசுபவர் கடிதத்தில் தந்திரத்தையும் மறைக்கவில்லை. எரிமலை ஆய்வாளர் ஸ்க்ரோப் ஒரு புகழ்பெற்ற இதழில் நூலுக்கு மதிப்புரை எழுத இருந்தார். 1830 ஜூன் 14 தேதியிட்ட கடிதத்தில் லயல் அவருக்கு யோசனை சொல்கிறார்: பைபிளில் மோசே சொல்லும் படைப்புக் கணக்கிலிருந்து இந்த அறிவியலை விடுவிக்க வேண்டும், ஆனால் யாரையும் சீண்டாமல். நேரே தாக்கினால் பகை வரும். பழைய வரலாறு சொல்வதுபோலச் சொன்னால் அவர்களும் கூடவே வந்துவிடுவார்கள்.

சொற்களுக்கும் கடிதம்தான். சிப்பிகளில் இன்று வாழும் இனங்கள் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணி அடுக்குகளை வரிசைப்படுத்தலாம் என்பது திட்டம். எண்ணிக் கொடுத்தவர் பாரிசில் இருந்த சிப்பி ஆய்வாளர் தெஷாய். மிகப் பழைய தொகுப்பில் மூன்றரை விழுக்காடு, அடுத்ததில் பதினேழு, பிறகு இன்னும் கூடுதல். ஆனால் இந்தக் காலங்களுக்கு என்ன பெயர் வைப்பது? கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹ்யூவெல்லைக் கேட்டார். கிரேக்கம் தெரிந்தவர், சொல் செய்வதில் கைதேர்ந்தவர். 1831-இல் விடை வந்தது. இயோசீன் என்றால் புதுமையின் விடியல். மயோசீன், பிளியோசீன் என்று மற்றவை. திருவக்கரையின் கல்மரங்கள் கிடக்கும் கடலூர் மணற்கல்லைப் பற்றிப் பேசும்போது நாமும் மயோசீன், பிளியோசீன் என்கிறோமே, அவை இந்தக் கடிதப் போக்குவரத்தில் பிறந்த சொற்கள்தான்.

1832-இல் மேரி ஹார்னரை மணந்தார். அவரும் சிப்பிகளை அறிந்தவர், மொழிகள் தெரிந்தவர். கணவரின் கண்கள் மங்க மங்க, படித்துக்காட்டுவதும் சொல்வதை எழுதுவதும் மேரியின் வேலையாயிற்று. லயலின் கடிதம் என்று நாம் சொல்வதில் எத்தனையோ மேரியின் கையெழுத்தில் இருக்கின்றன. ஒருநாள் லயலும் மேரியும் டார்வினின் வீட்டுக்குப் போயிருந்தபோது, டார்வின் லயலோடு அரை மணி நேரம் நிலவியலையே பேசித் தீர்த்தாராம். மேரி பொறுமையின் சிலையாக உட்கார்ந்திருந்தார் என்று டார்வினே எழுதுகிறார். அந்தப் பேச்சில் மேரிக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது என்று டார்வின் ஏன் நினைத்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

டார்வின் என்றதும் உரை வேறு பக்கம் திரும்பிவிடும் என்று அஞ்சவேண்டாம். பீகிள் கப்பலில் அவர் கொண்டுபோன நூல் லயலின் முதல் தொகுதி. என் புத்தகங்கள் பாதி லயலின் மூளையிலிருந்து வந்தவை என்று லயலின் மாமனாருக்கே 1844-இல் எழுதினார். சிந்தனையில் மூழ்கினால் லயல் நின்றபடியே குனிந்து நாற்காலியின் இருக்கையில் தலையை வைத்துக்கொள்வார் என்ற குறிப்பும் டார்வின் தந்ததுதான்.

1837-இல் டார்வின் பவளத் தீவுகளைப் பற்றிச் சொன்னார். வட்டமான அந்தத் தீவுகள் மூழ்கிய எரிமலை வாய்களின் விளிம்பில் வளர்ந்தவை என்பது லயல் அச்சில் போட்ட கருத்து. இல்லை, தாழ்ந்துகொண்டே போகும் தீவைச் சுற்றிப் பவளம் மேல்நோக்கி வளர்கிறது என்றார் டார்வின். மே 24 அன்று, தென் ஆப்பிரிக்காவின் கேப் நகரிலிருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு லயல் எழுதினார்: என் எரிமலை வாய்க் கருத்தை நிரந்தரமாக விட்டுவிட வேண்டியதுதான், முதலில் கொஞ்சம் வலித்தது. அவ்வளவுதான். தம்மைவிடப் பதினொரு வயது இளையவரிடம் தோற்று, அதை உலகின் மறுகோடிக்கு மகிழ்ச்சியோடு அறிவித்தவர்!

அடுத்த தோல்வி அப்படி எளிதாக வரவில்லை.

1856 ஏப்ரலில் டார்வின் தம் வீட்டில் வைத்து உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்று சொல்லும் இயற்கைத் தேர்வுக் கருத்தை லயலுக்கு விளக்கினார். சீக்கிரம் வெளியிடுங்கள், இல்லையென்றால் யாராவது முந்திக்கொள்வார்கள் என்று வற்புறுத்தியவர் லயல். 1858 ஜூன் 18 அன்று டார்வின் எழுதிய கடிதத்தில் இடிந்துபோன குரல் கேட்கிறது: நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. அதே கருத்தோடு வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளரின் கட்டுரை தபாலில் வந்திருந்தது. லயலும் தாவரவியலாளர் ஹூக்கரும் சேர்ந்து இருவரின் எழுத்துகளையும் ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் படிக்க வைத்தார்கள். வழக்கை நியாயமாக முடித்துவைத்த வக்கீல் தம் சொந்தத் தீர்ப்பை மட்டும் ஒத்திவைத்துக்கொண்டே போனார்.

1863-இல் மனிதனின் பழமையைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. அழிந்துபோன விலங்குகளின் காலத்திலேயே மனிதன் கல்லாயுதம் செய்தான் என்பதற்குச் சான்றுகள் குவிந்திருந்தன. (அதே ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.) பழமையை ஒப்புக்கொண்டவர், மனிதனும் விலங்கிலிருந்து வந்தவன் என்ற வம்சாவளியில் மட்டும் நழுவினார். டார்வினுக்குக் கடும் ஏமாற்றம். மார்ச் 6 அன்று மறைக்காமல் எழுதினார். என் இன்றைய நம்பிக்கையின் எல்லைவரை பேசிவிட்டேன், என் உணர்ச்சியையும் தாண்டிப் பேசிவிட்டேன் என்று லயல் பதில் எழுதினார். அதே வாரம் ஹூக்கருக்கு எழுதியது இன்னும் வெளிப்படை: ஏற்கத் தயார்தான், ஆனால் ஏற்றால், கடந்த காலத்தைப் பற்றிய என் சிந்தனைகளில் இருந்த அழகு பெருமளவு போய்விடுகிறது. சான்று போதவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 15 அன்று டார்வினுக்கு இன்னொரு கடிதம். கடைசியில் லமார்க் சொன்னதே சரியாகிவிடும், நாமும் ஒராங் உட்டான்வரை முழு வழியும் போய்த்தான் ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்தபோது, அவருடைய நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். அது எழுதப்பட்ட காலத்தை நினைத்தபோது அவருக்கு நான் அநீதி செய்துவிட்டேன் என்று உணர்ந்தேன் என்கிறார். லமார்க் இறந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘நிலவியலின் கோட்பாடுகள்’ நூலின் 1868-இல் முடிந்த பத்தாம் பதிப்பில் லயல் தம் கட்சியை அச்சிலும் மாற்றிக்கொண்டார். 1873-இல் மேரி போய்விட்டார். பன்னிரண்டாம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே, 1875 பிப்ரவரி 22 அன்று லயலும் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். 294 குறிப்பேடுகளை விட்டுச் சென்றார். அவை இப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

கடிதங்களை 1881-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவர் கேதரின் லயல். மேரியின் தங்கை, லயலின் தம்பி மனைவி. மாண்டெலுக்கு எழுதிய அந்த 1827-ஆம் ஆண்டுக் கடிதம் முதல் தொகுதியில் இருக்கிறது. ஒராங் உட்டான் சிரிப்பும் அப்படியே இருக்கிறது. லமார்க்கிடம் மன்னிப்புக் கேட்கும் கடிதம் இரண்டாம் தொகுதியில். கேதரின் இரண்டில் ஒன்றையும் எடுத்துவிடவில்லை.

நன்றி, வணக்கம்.