'தோ' எங்கிருந்து வந்து ஒட்டியது?

வணக்கம். ரஷ்ய மொழியில் 'யார்' என்பதற்கு 'க்தோ' என்பார்கள். 'என்ன' என்பதற்கு 'ஷ்தோ'. எழுத்தில் அது 'ச்தோ'. இரண்டும் 'தோ'வில் முடிகின்றன, கவனித்தீர்களா? ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கிய முதல் வாரமே இது எனக்குள் புகுந்துகொண்டது.

இந்தத் தாளைக் கிட்டே காட்டுகிறேன். மேலே 'க்தோ'. அதற்குக் கீழே 'கவோ', அதாவது யாரை. அப்புறம் 'கமூ', யாருக்கு. 'தோ'வைக் காணோம், இல்லையா? மூலச்சொல்லிலேயே அது கிடையாது. மூலம் வெறும் 'கு'தான். ரஷ்யன், போலிஷ், செக், குரோஷியன் போன்ற ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான ஆதி மொழியில், 'அது' என்று சுட்டும் 'தோ' அந்தக் குட்டிச் சொல்லோடு சேர்ந்துகொண்டது. எழுவாயில்தான் சேர்ந்தது. மற்ற வேற்றுமைகள் பழையபடியே நின்றுவிட்டன.

சரி, 'என்ன'வுக்கு வருவோம். இங்கேயும் 'தோ' பின்னால் வந்து ஒட்டியதுதான். அதன் அடி 'கி'. பின்னால் இகரம் இருந்ததால் ககரம் உருகி 'ச்சி' ஆனது. சமஸ்கிருதத்திலும் இதே மாற்றம் தனியாக நடந்திருக்கிறது. 'கிஞ்சித்தும் கவலையில்லை' என்கிறோமே, அந்தச் சொல் கிம், சித் இரண்டும் சேர்ந்தது. அதிலுள்ள 'சித்', ஸ்லாவிய 'ச்சி', லத்தீனின் 'க்விட்' மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய அடியில், அதாவது இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியின் அடியில், பிறந்தவை. இது தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

போலந்துக்காரர்கள் 'என்ன'வுக்கு 'த்சோ' என்கிறார்கள். இதில் 'தோ' இல்லை. 'எதனுடைய' என்று பொருள்படும் 'ச்சிசோ' என்ற பழைய வடிவம் எழுவாயின் இடத்தைப் பிடித்து, தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. செக் மொழியிலும் 'த்சோ'தான். ஆனால் 'ஏன்' என்று கேட்க அங்கே 'ப்ரோச்' என்பார்கள். 'ப்ரோ' என்றால் 'காக'. கடைசியில் நிற்கும் 'ச்' பழைய 'ச்சி'யேதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது குரோஷியா. அங்கே வட்டார வழக்குகளுக்குப் பெயரே 'என்ன' என்ற சொல்லை வைத்துத்தான். தலைநகர் ஜாக்ரெப் பக்கம் 'காய்' என்பதால் காய்காவ்ஸ்கி. நாட்டின் பெரும்பகுதியில் 'ஷ்தோ' என்பதால் ஷ்தோகாவ்ஸ்கி. ஏட்ரியாட்டிக் கடல் தீவுகளிலும் இஸ்த்ரியா தீபகற்பத்திலும் 'சா' என்பதால் சாகாவ்ஸ்கி. அந்தச் 'சா'வைச் சொல்லிப் பாருங்கள். அது 'தோ' ஒட்டாத அதே பழைய 'ச்சி'. இன்றும் அந்தத் தீவுகளில் 'என்ன' என்று கேட்க அதைத்தான் சொல்கிறார்கள்.